‘ஒரிஜினல்’ என்று ஒரு சைக்கிள் இல்லை

பழைய ரோடு பைக் சேகரிப்பவர்கள் கூடும் இடத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ஃபுல் குரூப்பா?” கிராங்க், டெரெய்லர், ஷிஃப்டர், பிரேக், ஹப் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஒரே காலமா என்று அர்த்தம். ஆமாம் என்றால் கண்கள் விரியும். கிராங்க் ஸ்ட்ராங்லைட், டெரெய்லர் கம்பக்னோலோ, பிரேக் மஃபாக் என்று சொல்லிப் பாருங்கள், “ஓ, மிக்ஸா” என்று குரல் இறங்கிவிடும். விலையும் கூடவே இறங்கும். அந்தக் கேள்விக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

பாகங்களை அடையாளம் காண்பது எனக்கும் பிடித்த வேலை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஷிமானோ பாகத்தின் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். 1976-க்கு ‘ஏ’, 1977-க்கு ‘பி’ என்று போகும். கம்பக்னோலோவின் நுவோவோ ரெக்கார்ட் டெரெய்லரில் 1970-களிலிருந்து ‘பேட்டன்ட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் வருஷமே இருக்கும். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பின் உருளையில் வருஷமும் மாதமும் பச்சை குத்தினதுபோலப் பதிந்திருக்கும். பிசுக்கை மண்ணெண்ணெயில் துடைத்து, டார்ச் அடித்து, அந்த எண் தெரியும்போது வருகிற சந்தோஷம் கல்வெட்டு படிப்பவருக்குத் தெரியும். எனவே படிப்பதில் தகராறு இல்லை. படித்துவிட்டு, ‘பொருந்தாத’ வரிகளை உளியால் செதுக்கி எறிகிறார்களே, அதில்தான் தகராறு.

*

முதலில் இந்த ‘குரூப்’ என்பது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். துல்லியோ கம்பக்னோலோ இத்தாலியின் விசென்சாவில் 1933-ல் கம்பெனி தொடங்கியபோது, ஒரு சைக்கிளின் எல்லா பாகத்தையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சைக்கிள் செய்பவர் கிராங்க்கை ஓரிடத்திலும் பிரேக்கை வேறோரிடத்திலும் வாங்குவார். பிரெஞ்சு ரேஸ் சைக்கிள்களில் புகழ்பெற்ற பெஷோ பிஎக்ஸ்-10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் ஸ்ட்ராங்லைட், டெரெய்லர் சிம்ப்ளெக்ஸ், பிரேக் மஃபாக். நாலைந்து பட்டறைகளின் கை சேர்ந்து ஒரு வண்டி. இன்று ‘மிக்ஸ்’ என்று முகம் சுளிக்கப்படும் அந்தக் கலவைதான் அன்றைக்கு ஃபேக்டரியிலிருந்து வந்த ‘ஒரிஜினல்’.

கம்பக்னோலோ மெல்ல மெல்ல எல்லா பாகங்களையும் தன் பெயரில் கொண்டுவந்தது. 1973-ல் ஷிமானோவின் டுரா-ஏஸ் வந்தது. ஆனால் கதவை உண்மையில் சாத்தியது 1984-ன் டுரா-ஏஸ் 7400. ஷிஃப்டரை ஒரு ‘க்ளிக்’ தள்ளினால் செயின் சரியாக ஒரு பல்சக்கரம் தாண்டும் ஏற்பாடு அதில் வந்தது. ஓட்டுகிறவருக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் க்ளிக் சரியாக விழ வேண்டுமென்றால் ஷிஃப்டர், டெரெய்லர், ஃப்ரீவீல், கேபிள் எல்லாம் ஒன்றோடொன்று அளவு ஒத்துப்போக வேண்டும். அதாவது ஒரே கம்பெனியிடம் வாங்க வேண்டும். சாய்ந்த இணைகர டெரெய்லரை 1964-லேயே கண்டுபிடித்தது சன்டூர் என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனி. அதன் காப்புரிமை 1984-ல் முடிந்தது, ஷிமானோ அதே வடிவத்தைத் தன் ஏற்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. பிறகு சன்டூரால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஆக, ‘ஃபுல் குரூப்’ என்பது சைக்கிளின் இயற்கை நிலை இல்லை. கம்பெனிகளின் ஆசை அது. முழுசாக என்னிடமே வாங்கு என்கிற வியாபார வாக்கியத்தை, நாற்பது வருஷம் கழித்து நாம் அழகியல் விதியாக உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். விளம்பரம் எழுதினவன் சம்பளம் வாங்கினான். நாம் சும்மா செய்கிறோம்.

*

இனி என் ஊருக்கு வருகிறேன். சுரக்குடி, திருநள்ளாறு கொம்யூன், காரைக்கால் மாவட்டம். இந்த முகவரியைச் சொன்ன உடனே வெளியூர் சேகரிப்பாளர்கள் கேட்பது: “அங்க பிரெஞ்சு சைக்கிள் கிடைக்குமா ப்ரோ?” 1739-லிருந்து 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த ஊர், 1962-ல்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஊர், அப்படியானால் ஏதாவது ஒரு கொல்லையில் பெஷோவோ மோட்டோபெக்கானோ படுத்திருக்க வேண்டும் என்று கணக்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. பாண்டிச்சேரியின் மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுக்கிற அதே ஆசை, இப்போது இரண்டு சக்கரத்தில்.

பிரெஞ்சு சைக்கிளா என்று பார்க்க ஊர்ப் பெயர் உதவாது, மரைதான் உதவும். பிரெஞ்சு பெடலின் தண்டு 14 மில்லிமீட்டர். இங்கிலாந்து பெடல் 9/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 14.3. பிரெஞ்சு பெடலை இங்கிலாந்து கிராங்க்கில் போட்டால் லொடலொடவென்று போகும். இங்கிலாந்து பெடல் பிரெஞ்சு கிராங்க்கில் ஏறவே ஏறாது. அதேபோல பெடல் அச்சைத் தாங்கும் கப். இங்கிலாந்து வண்டியில் செயின் பக்கத்துக் கப்புக்கு எதிர்மரை, பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் நேர்மரை. இது தெரியாமல் ஸ்பேனரை எதிர்ப்பக்கம் அழுத்திக் கப்பை நாசம் செய்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எதையும் அளக்க மாட்டார். கையில் இருக்கிற பெடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, “இது நம்ம மரை” என்பார். அந்த ‘நம்ம’ என்பது பிரான்ஸ் இல்லை, பர்மிங்ஹாம்.

நான் பார்த்த வரை இந்தப் பக்கத்து வயல்வரப்பில் ஓடியதெல்லாம் அந்த மரைதான். 28 அங்குல டயர், ராடு பிரேக், காட்டர் பின் அடித்த கிராங்க். முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்த ராலே, ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ். பிறகு அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், அசன்சோல் சென்-ராலே, சோனிபட் அட்லஸ், லூதியானா ஹீரோ. எல்லைக்கோடு பிரெஞ்சுக்காரன் போட்டது, பால்ரஸ் குண்டு மட்டும் இங்கிலாந்து அளவு.

என் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் அப்படி ஒரு ராலே இருந்தது. அதை விவரமாகச் சொல்ல வேண்டும். செயின்வீலில் நாரைத் தலைகள், எனவே ராலேயுடையது. பின் ஹப் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ., மூன்று கியர். உருளையில் 52, பக்கத்தில் 8. 1952 ஆகஸ்ட். அந்த மாதம் காரைக்கால் பிரான்ஸ். ஆனால் அதை வைத்து ‘பிரெஞ்சிந்திய சைக்கிள்’ என்று கதை கட்ட முடியாது. அந்த எண் ஹப் நாட்டிங்ஹாமில் பிறந்த தேதியைத்தான் சொல்கிறது. எங்கள் ஊருக்கு வந்த தேதியைச் சொல்லவில்லை.

ஹப்பைச் சுற்றியிருந்த ரிம் இந்திய ரிம். அது எப்படிச் சேர்ந்தது? பின் சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி, முன் சக்கரத்துக்கு 32 என்பது இங்கிலாந்து ரோட்ஸ்டர்களின் கணக்கு. இந்தியக் கம்பெனிகள் அதே கணக்கை விடாமல் வைத்துக்கொண்டன. அதனால் நாட்டிங்ஹாம் ஹப்பில் இந்திய ரிம்மை எந்த ஊர்க் கடையிலும் கோத்துக் கோட்டம் எடுத்துவிடலாம். இடது பெடல் லூதியானா, வலது பெடல் வேறு. இடது கிராங்க் வேறு வண்டியுடையது, காட்டர் பின்னை அரத்தால் ராவிப் பொருத்தியிருந்தது. சீட்டுக்குப் பழைய டியூப் வெட்டிச் சுற்று. ஆனால் பி.பி. கப் மட்டும் பழசு. ஏன்? ராலே தன் ஃபிரேமுக்கு அங்குலத்துக்கு 26 மரை போட்டது. மற்ற இங்கிலாந்து வண்டிகளுக்கு 24. கடையில் தொங்கும் 24 மரைக் கப் இதில் ஏறாது. அதனால் எத்தனையோ முறை ஓவராயில் செய்தவர்கள் குண்டை மாற்றினார்கள், அச்சை மாற்றினார்கள், கப்பைப் பத்திரமாகக் கழுவி அதையே திரும்பப் போட்டார்கள்.

இந்த ஒரு வண்டியில் எது வரலாறு? 1952-ன் ஹப்பா, அல்லது அந்த ஹப்பை ஓடவைத்த கைகளா? இரண்டும் என்பதுதான் நேர்மையான பதில்.

பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். ஹப்பையும் செயின்வீலையும் கழற்றி எடுத்துக்கொண்டார். “மத்ததெல்லாம் லோக்கல்” என்றாராம். மத்ததெல்லாம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனது. சித்தப்பா விரும்பித்தான் விற்றார், யாரும் பிடுங்கவில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு உருளையில் இருக்கும் எண் தெரியும், விற்கிறவருக்குக் கிலோ விலைதான் தெரியும் என்கிற இடத்தில் ‘விரும்பி’ என்ற சொல்லின் எடையைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்கலாம்.

*

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல நம்மிடமே ஒரு உதாரணம் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர். ஒரே நூலுக்குப் பல ஏடுகள், ஒவ்வொன்றிலும் சொற்கள் கொஞ்சம் கொஞ்சம் வேறு. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைப்பார். மற்றதைக் கொளுத்த மாட்டார், பாடபேதம் என்று கீழே குறிப்பார். நாளை இன்னொருவருக்கு அந்தக் கீழ்வரியே மேல்வரியாகத் தெரியலாம். ஏடு எழுதினவரின் கைப்பிழைகூட அவர் எந்த ஊர், எப்படிப் பேசினார் என்பதற்குத் தடயம்.

லூதியானா பெடல் என்பது பாடபேதம். ராவின காட்டர் பின் என்பது பாடபேதம். சேகரிப்பாளர் அதையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, இணையத்தில் வாங்கிய ‘காலத்துக்கு ஏற்ற’ பாகங்களைப் போட்டுப் பளபளவென்று நிறுத்தி, இதுதான் 1952 என்கிறார். அது 1952 இல்லை. அந்த வண்டி அந்த உருவத்தில் எங்கேயும் எப்போதும் இருந்ததில்லை. போன மாதம் செய்த வண்டி அது. கலப்பைக் களைந்து ஆதியைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொண்டு, புதிதாக ஒரு ஆதியைத் தயாரிக்கிறோம். கலப்பு என்றால் இழிவு, சுத்தம் என்றால் உயர்வு என்கிற இந்தப் பாடத்தை நம் ஊரில் வேறு எங்கெல்லாம் படிக்கிறோம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரும்புக்குமா அதைக் கொண்டுபோக வேண்டும்?

இன்னொன்றும் கேட்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி. அந்த வண்டிகளுக்கும் இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. நாளை அதில் ஒன்று கிடைத்தால் என்ன செய்வோம்? பாரில் கட்டியிருக்கும் சின்ன சீட்டை ‘பின்னாளில் சேர்த்தது’ என்று கழற்றி எறிவோம். அதோடு அந்த வண்டி சொல்ல வைத்திருந்த ஒரே முக்கியமான விஷயமும் போய்விடும்.

*

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வடிவமைப்பு எப்படிப் பிறந்தது என்று தெரிய, கைபடாத சில வண்டிகள் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். 1970-களின் சூப்பர் ரெக்கார்ட் முழு குரூப்போடு பிறந்து, முழு குரூப்போடு வாழ்ந்து உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து ஒரு போல்ட்டையும் மாற்றாதீர்கள். நான் சொல்வதும் அதேதான்: எப்படி வந்ததோ அப்படியே படியுங்கள். முழுசாக வந்தால் முழுசாக, கலந்து வந்தால் கலந்து.

அதற்குச் செய்ய வேண்டியது ரொம்பக் கஷ்டம் இல்லை. ஸ்பேனரைத் தொடும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் முத்திரை, எண், மரை அளவை எழுதுங்கள், ‘மட்டமான’ பாகத்துக்கும் சேர்த்து. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றியதை ஒரு பையில் போட்டு வண்டியோடு வையுங்கள். விற்கிறவருக்கு அந்த எண்ணின் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் போய் உட்காருங்கள். டெல்டாவில் வாடகை சைக்கிள் போய்விட்டது, கடைகளும் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அட்லஸ் கம்பெனி சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது, அது உலக சைக்கிள் தினம் என்பதால் செய்தியானது. ஒரு திண்ணைக் கடை மூடினால் செய்தியாகாது. கம்பக்னோலோவின் கேட்டலாகை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தக் கப் எதில் ஏறும், எந்தப் பின்னை எவ்வளவு ராவ வேண்டும், உப்புக்காற்றில் எந்தக் கம்பெனி ரிம் எத்தனை மழை தாங்கும் என்கிற கேட்டலாக் அவர் கையில் மட்டும் இருக்கிறது. அதை இதுவரை யாரும் எழுதி வாங்கவில்லை. சேகரிக்க ஆசையா, முதலில் அதைச் சேகரியுங்கள்.