மனநலமும் பத்தாம் வகுப்பும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஒன்பதாம் வகுப்பில் தேறிப் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணுக்குப் புதிதாகக் கிடைப்பவை பல. கனமான பாடநூல்கள், அவற்றைவிடக் கனமான கைடுகள், காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, அதற்குமேல் டியூஷன். ஆனால் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுபவை எவை என்று யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. விளையாட்டுப் பாடவேளை போகும். தையல் வகுப்பு போகும். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவளை, “பொதுத்தேர்வு முடியட்டும்” என்று நிறுத்திவிடுவார்கள். வாசலில் கோலம் போட வேண்டாம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாட்டியோடு உட்கார்ந்து கதை பேச வேண்டாம். கடைசியாகத் தூக்கமும் போகும். இவை அனைத்தும் அன்பின் பெயராலேயே எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்பதுதான் இதில் விசேஷம்.

இவற்றையெல்லாம் வீண் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. மனம் சோர்ந்து போகாமல் ஒரு பெண்ணைக் காப்பாற்றுபவை இத்தகைய சின்னஞ்சிறு அன்றாடப் பழக்கங்களே. மற்ற ஆண்டுகளில் இவை இல்லாமல் போனால்கூடச் சமாளித்துவிடலாம். தேர்வு ஆண்டில்தான் இவை மிகவும் தேவை. இந்த மலர் கைக்கு வரும்போது எங்களுக்குத் தேர்வு வாசலில் வந்து நிற்கும். ஆகவே நான் எனக்காக எழுதவில்லை. வரும் ஜூன் மாதத்தில் எங்கள் பெஞ்சுகளில் வந்து உட்காரப் போகும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து, பேருந்துக்கு நின்று, ஒரு மாணவி வீடு சேரும்போது மணி ஆறரை. ஏழு முதல் எட்டரை வரை டியூஷன். சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, மறுநாள் தேர்வுக்குப் படித்துப் படுக்கும்போது பதினொன்றரை. காலையில் நாலரைக்கு அலாரம். ஆக ஐந்து மணி நேரம். 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்களின் சங்கம் 2016-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. குறைந்த அளவான 8-ஐ வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 3 மணி நேரம் பற்றாக்குறை. வாரத்தில் ஆறு நாளுக்கு 18 மணி நேரம். அதாவது வாரந்தோறும் இரண்டு முழு இரவுகளுக்கும் மேலாக நாம் தூங்காமல் விடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஈடு செய்யலாம் என்றால் ஆறு மணிக்கு முதல் பூசை. பிரசங்க நேரத்தில் பத்தாம் வகுப்புப் பெண்கள் வரிசையாகத் தலையாட்டுவதைக் கண்டு, தம் கருத்தை ஆமோதிக்கிறார்கள் என்று பங்குத்தந்தை மகிழ்ந்துவிடக் கூடாது!

“விடியற்காலையில் படித்தால்தான் மனத்தில் நிற்கும்” என்று பாட்டிமார் சொல்வார்கள். அது பொய்யன்று. ஆனால் பாட்டி காலத்தில் இரவு எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிட்டது. ஒன்பதுக்குப் படுத்தவள் நாலரைக்கு எழுந்தாள் என்றால் அவள் தூங்கியது ஏழரை மணி நேரம்! நாமோ எழும் நேரத்தை மட்டும் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டோம். படுக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மேலும் எங்கள் வயதில் உடலின் உட்கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடுகிறது. சிறு பிள்ளைகளைப் போல இரவு எட்டு மணிக்கே கண் சொக்குவதில்லை. பகலில் படித்த பாடம் மூளையில் பதிந்து நிலைப்பதும் தூக்கத்தின்போதுதான் என்கிறது அறிவியல். அப்படியானால் மதிப்பெண்ணுக்காகத் தூக்கத்தை விடுவது, விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவது போன்றதல்லவா? இரவு ஒழுங்காகத் தூங்காதவள் காலை பத்து மணிக்கு ஒரு ரப்பர் காணாமற்போனதற்குத் தேம்பித் தேம்பி அழுகிறாள். “வாய்க்கொழுப்பு”, “பிடிவாதம்” என்று அதற்குப் பெயர் வைக்கிறார்கள். அவளை இரண்டு நாள் தூங்க விட்டுப் பார்த்த பிறகு பெயர் வைக்கட்டும்.

அடுத்து விளையாட்டுப் பாடவேளை. கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு இருக்கின்றன. காலாண்டுத் தேர்வு வரை ஒன்று கிடைக்கும். அதன்பின் மணி அடித்ததும் உடற்கல்வி ஆசிரியைக்குப் பதிலாகக் கணக்கு ஆசிரியை சாக்பீஸோடு வாசலில் நிற்பார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. பாடப்பகுதி பெரிது, நாட்கள் குறைவு. கூடுதலாக ஒரு காசும் பெறாமல், தம் ஓய்வு நேரத்தை விட்டுவிட்டு எங்களுக்காக வந்து நிற்கிறார். ஆயினும் ஒன்றை அவரும் அன்புச் சகோதரியரும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்குத் தெரு இருக்கிறது. ஊர்த் திடல் இருக்கிறது. மாலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் கேட்பதில்லை. எங்களுக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் ஓடுவதற்கு இடம் ஏது? வயது வந்த பெண் தெருவில் ஓடினால், “என்ன ஆயிற்று, யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று நான்கு வீட்டார் வெளியே வந்துவிடுவார்கள். வாரம் முழுவதிலும் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி, உரக்கக் கத்தி, வியர்த்து, வயிறு குலுங்கச் சிரிக்கும் நேரம் அந்த நாற்பது நிமிடம் ஒன்றே. அதையும் எடுத்துவிட்டால் அவள் அடுத்த ஏப்ரல் வரை நடக்க மட்டுமே செய்வாள்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு அசைத்து இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை. வாரத்துக்கு 420 நிமிடம் ஆகிறது. இரண்டு பாடவேளையும் முழுதாகக் கிடைத்தாலே 80 நிமிடம்தான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 80-இலிருந்தும் கடன் வாங்குவது நியாயமா?

விளையாட்டும் சிரிப்பும் பக்திக்கும் படிப்புக்கும் பகை என்று நினைப்பவர்களுக்கு நம் திருச்சபையிலேயே பதில் இருக்கிறது. அவிலா நகர் புனித தெரேசம்மாள் 1562-ஆம் ஆண்டில் புனித சூசையப்பர் மடத்தை நிறுவினார். கடுந்தவம் செய்யும் மடம் அது. இறைச்சி கிடையாது, மௌனம் அதிகம். அப்படிப்பட்ட மடத்துக்கு அவர் எழுதிய ஒழுங்குகளில், நாள்தோறும் இரண்டு வேளை எல்லாச் சகோதரியரும் கூடி மனம் விட்டுப் பேசி மகிழ நேரம் ஒதுக்கினார். கையில் நூல் நூற்கும் வேலையை வைத்துக்கொண்டே பேசலாம்! எங்களிடமிருந்து போன தையல் வகுப்பும் ஏறக்குறைய அதுதானே? அந்தத் தெரேசம்மாள் சாமானியப் பெண்ணல்லர். 1970-ஆம் ஆண்டில் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்ட முதல் பெண்மணி. அவருக்கும் ஓர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு நாளைச் செபத்துக்கும் உழைப்புக்கும் வாசிப்புக்குமாகப் பகிர்ந்து கொடுத்தார். கோடைகாலத்தில் மதிய உணவுக்குப்பின் படுத்து ஓய்வெடுக்கவும் இடம் வைத்தார். நம் சகோதரியர் இன்றும் மணி அடித்தபடி எழுந்து, செபித்து, உண்டு, வேலை செய்து, மாலையில் ரோஜாச் செடிகளுக்கு நீர் ஊற்றிப் படுக்கப் போகிறார்கள். தங்கள் மடத்தில் காக்கும் ஒழுங்கை எங்கள் கால அட்டவணைக்கும் கொடுத்தால் என்ன?

வீட்டு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். “நீ படி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லாத தாய் கிடையாது. அந்த அன்புக்கு நன்றி. ஆனால் மூன்று மணி நேரம் வேதியியல் சமன்பாடுகளோடு மல்லுக்கு நின்றவளுக்குப் பத்து நிமிடம் கீரை ஆய்வதோ, முருங்கைக்காய் நறுக்குவதோ எத்தனை இதமானது தெரியுமா? கைக்கு வேலை, மூளைக்கு ஓய்வு, பக்கத்தில் அம்மா. அப்போதுதான், பள்ளியில் நடந்தவை தாமாக வாய்க்கு வரும். எதிரே உட்காரவைத்து, “உனக்கு என்ன கவலை, சொல்” என்று கேட்டால் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். (பெண்களை அடுக்களைக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் தம்பிகளும் கீரை ஆயட்டும். அவர்கள் மனத்துக்கும் நல்லது.) குடும்பச் செபமாலையிலிருந்தும் எங்களுக்கு விலக்கு வேண்டாம். இந்து, இஸ்லாமியத் தோழியர் வீடுகளிலும் மாலை விளக்கும் தொழுகையும் இருக்கின்றன. பதினைந்து நிமிடம் குடும்பத்தார் எல்லாரும் ஒரே இடத்தில் ஒன்றாக இருப்பதால் எந்தப் பாடமும் பின்தங்கிவிடாது.

கைப்பேசியின் தீமைகளைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஓட்டம், பாட்டு, தையல், கோலம், கதை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? போர்வைக்குள் ஒளித்து வைக்கக்கூடிய பொழுதுபோக்கு ஒன்றுதானே!

இருக்கும் இடமும் மனத்தைத் தொடுகிறது. பத்தாம் வகுப்பு என்றால் சத்தம் எட்டாத கோடி அறை. கவனம் சிதறாதிருக்க ஜன்னலின் கீழ்ப்பாதிக்குச் சாயம். பல பள்ளிகளில் இதுதான் வழக்கம். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வலிக்கு அவர்கள் கேட்ட கடுமருந்தும் குறைவு. ஒரே மருத்துவம், ஒரே தாதியர். ஜன்னல் மட்டும் வேறு. நம் வளாகத்தில் கெபிக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரமும் தூங்குமூஞ்சி மரமும் செலவில்லாத மருந்து. அவற்றைப் பார்க்கும் அறையில் இப்போது பழைய மேசைகளும் விழாத் தட்டிகளும் குடியிருக்கின்றன.

ஒப்பிட்டுப் பேசும் பழக்கத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிர்வீட்டு அக்கா நினைவுக்கு வருவாள். பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதைத் தமிழக அரசே 2017-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. உறவினர் வீட்டுத் திருமணங்களில் மட்டும் அது இன்னும் வெளியாகிக்கொண்டிருக்கிறது.

மேலே சொன்ன எல்லாம் இருந்தும் சிலருக்கு மனம் தேறாமல் போகலாம். நாள் கணக்கில் தூக்கமின்றி, சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசாமல் இருக்கும் தோழி ஒருத்தி நம் வரிசையிலேயே இருக்கக்கூடும். அவளுக்கு ஓட்டமும் வேப்பமரமும் மட்டும் போதா. மருத்துவ உதவி வேண்டும். இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். “கீழ்ப்பாக்கம்” என்ற ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோமே! அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் ஒரு பெண்மணி, டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். ஓய்வு பெற்றபின்பும் ஓயாமல் 1984-ஆம் ஆண்டில் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் பெற்றார். 2021-ஆம் ஆண்டில் தம் 98-ஆம் வயதில் மறைந்தார். அவர் வரலாற்றை அறிந்தவள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிக்கமாட்டாள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைத்துப் பேசலாம். இந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டுகிறேன்.

பதினோராம் வகுப்பில் விரும்பிய பிரிவு கிடைக்கப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். கட்டணம் கட்ட அப்பாக்கள் படும் பாடும் தெரியும். ஆகையால் சிறப்பு வகுப்பே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மாலை வகுப்பு ஐந்து மணியோடு முடியட்டும். சிறப்பு வகுப்பு உள்ள பிள்ளைக்கு டியூஷனும் வேண்டுமா என்று பெற்றோர் ஒருமுறை யோசிக்கட்டும். திருப்புதல் தேர்வுகள் தொடங்கும் வரையிலாவது வாரத்தின் இரண்டு விளையாட்டுப் பாடவேளைகளில் எந்த ஆசிரியையும் கடன் கேட்காமல் இருக்கட்டும். அதன்பின்னும் ஒன்று இருக்கட்டும். பழைய மேசைகளை வேறு அறைக்கு மாற்றும் வேலையை நாங்களே ஒரு சனிக்கிழமை செய்து தருகிறோம். செலவு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: வளையப்பந்து வளையங்கள் இரண்டும் சென்ற ஆண்டே வெடித்துவிட்டன. புதிதாக நான்கு வாங்கினால் போதும். வலை நன்றாகத்தான் இருக்கிறது.