விளக்கும் கண்ணும்

மூடுபனியிலும் காரிருளிலும் ஆகாய விமானம் செலுத்துவோனுக்கு முதலில் வேண்டுவது தனக்கு நேர் எதிரேயுள்ள நிலத்தின் தோற்றமேயாம். ஆனால், பறந்துகொண்டே நிலத்தைப் படம் பிடிக்கும் ராடார் யந்திரமோ பக்கவாட்டில்தான் தெளிவாய்க் காணும். நேர் முன்னே அது ஏறக்குறையக் குருடு. இக்குறை நீங்க விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டிருக்கின்றனர். நம் தேசத்தார் அதனை ஊன்றிக் கவனித்தல் அவசியமென்பது நமது அபிப்பிராயம்.

குறைக்குக் காரணம் யாது? ராடார் இரண்டு அளவுகளைக் கொண்டு படம் வரைகிறது. அலை சென்று திரும்பும் நேரம் தூரத்தைச் சொல்லும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்து ஒலிப்பதுபோல், திரும்பும் அலையின் அதிர்வில் நேரும் மாறுதல் திசையைச் சொல்லும். விமானம் செல்லும் கோட்டிற்கு இடப்புறம் ஒரு மரமும், அதே தூரமும் விலக்கமும் கொண்டு வலப்புறம் ஒரு வீடும் இருப்பின், இரண்டிற்கும் நேரமும் ஒன்றே, மாறுதலும் ஒன்றே. ஆகவே மரமும் வீடும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்துவிடுகின்றன.

அலையை வீசும் விளக்கை ஒரு விமானத்திலும், அதை வாங்கும் கண்ணை மற்றொன்றிலும் வைத்து, வெவ்வேறு வழியில் செலுத்தினால் இச்சமநிலை குலைகிறது. மரம் வேறு, வீடு வேறெனப் பிரிந்து தெரிகின்றன. 2009-ல் ஜெர்மானியர், டெர்ராசார்-எக்ஸ் என்னும் தங்கள் துணைக்கோளை விளக்காகவும், விமானத்தில் அமைத்த பாமிர் யந்திரத்தைக் கண்ணாகவும் கொண்டு, விமானம் செல்லும் கோட்டின் வழியே பார்த்துப் படமெடுத்தல் கூடுமென நிரூபித்தனர். காரியம் எளிதன்று. அவ்வலையின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். இரு யந்திரங்களின் கடிகாரங்களும் சிறிது பிசகினாலும் படம் கலங்கிவிடும்.

விளக்குப் பிறருடையதாயினும் குற்றமில்லை, கண் நம்முடையதாயின் போதும் என்பாருமுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர், பிரிட்டிஷார் வீசிய ராடார் அலைகளையே கொண்டு பிரிட்டிஷ் விமானங்களைக் கண்டறிந்தது மெய்யே. ஆயினும் விளக்குடையான் அதை அணைத்திருப்பின் அக்கண்ணால் என்ன பயன்? இரவல் வெளிச்சத்தில் நடப்பவன் இரவல் கொடுத்தவனுக்கு அடிமை.

விளக்குச் செய்யும் திறம் நமக்கில்லாமலில்லை. 2012-ல் ஏவிய ரிசாட்-1 நம்மவர் செய்த ராடாரையே சுமந்தது. 2025-ல் அமெரிக்கரோடு சேர்ந்து அனுப்பிய நிசாரின் இரு ராடார்களில் ஒன்று நம்முடையது. ஆகவே, இரு விமானங்களைக் கொண்டு இம்முறையைச் சோதிக்கச் சர்க்கார் தாராளமாய்ப் பொருளுதவ வேண்டும். அதன் பயனை ஏவுகணைகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடாமல், பனியில் இறங்கும் விமானங்களுக்கும், வெள்ளத்தில் தவிப்போரை மீட்கச் செல்லும் ஹெலிகாப்டர்களுக்கும் உரியதாக்க வேண்டும். கண்ணும் நமதாகுக, விளக்கும் நமதாகுக.