இல்லத்தரசியின் தட்டில் என்ன இருக்கிறது?

 

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். ஒருபுறம் பிரியாணிக் கடைகளின் மணம் ஆளை இழுக்கும். அவற்றை அடுத்து மருந்துக் கடைகளும் இரத்தப் பரிசோதனை நிலையங்களும் விளக்கேற்றிக் காத்திருக்கும். முதல் கடையில் வரவு வைத்ததை இரண்டாம் கடையில் செலவெழுதிக் கொண்டிருக்கிறது நம் சமுதாயம்!

"சோற்றைக் குறையுங்கள், மாவுச்சத்தைக் குறையுங்கள்" என்று மருத்துவர்கள் கூறுவதை இன்று கேளாதவர் இல்லை. அதை நம் இல்லங்களில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். ஊருக்கு உபதேசம் செய்யுமுன் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுவதே முறையாகும்.

சென்ற ஆண்டு ஷஅபான் மாதம். ருகூவில் குனியும்போது வயிறு தடுப்பதையும், மாடியிலுள்ள வகுப்பறைக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்குவதையும் உணர்ந்த நான், நோன்பு வருமுன் உடலைச் சோதித்துக் கொள்வோம் என்று மருத்துவரிடம் சென்றேன். துணைக்கு வந்த என் துணைவியாரையும் "நீங்களும் பார்த்துக் கொள்ளுங்களேன்" என்றார் அந்த மருத்துவ அம்மையார். முந்தைய மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனை அது. 5.7க்குக் கீழே இருந்தால் நலம்; 6.5ஐ எட்டினால் நீரிழிவு. இடைப்பட்டது எச்சரிக்கை நிலை. பருத்த உடலுடைய எனக்கு 5.9. என்னைவிட மெலிந்த என் துணைவியாருக்கு 7.1!

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மருத்துவரோ வியப்படையவில்லை. அவர் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்:

"நேற்று மதியம் என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"சோறும் ஆணமும்தான் டாக்டர்."

"கறி எத்தனை துண்டு?"

"கறி பிள்ளைகளுக்கே சரியாப் போச்சு."

"காய்?"

"அவருக்கு வெச்சேன்."

"அப்ப, சோறு மட்டும்?"

"மிச்சம் இருந்துச்சு. வீணாக்கக் கூடாதேன்னு..."

சகோதரர்களே! இருபது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், அந்தத் தட்டில் என்ன இருந்தது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். எல்லோரும் உண்டெழுந்த பின்னர், சட்டியில் ஒட்டிய ஆணத்தைச் சோற்றில் பிசைந்து, அடுப்படியிலேயே அமர்ந்து உண்டு முடிக்கும் ஒரு பெண்மணியின் தட்டு அது. இரவில் பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லி. மாலையில் இரண்டு கரண்டிச் சீனி போட்ட தேநீரோடு வர்க்கி. வீண்விரயத்தை அஞ்சியே அவர் அவ்வாறு செய்து வந்தார். விரயத்தைத் தடுக்கும் தொட்டியாக அவருடைய வயிறு ஆகிவிட்டிருந்தது.

மனைவிக்குக் கணவன் மீதுள்ள உரிமை யாது என்று ஒரு தோழர் வினவியபோது, நீ உண்ணும்போது அவளுக்கும் உணவளிக்க வேண்டும் என்ற பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக அபூதாவூதில் ஒரு நபிமொழி உள்ளது. வாழ்க்கைச் செலவைப் பற்றியது என்றே அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருவர். நானும் அப்படித்தான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வந்திருக்கிறேன். ஆனால் அன்று வீடு திரும்பியபோது, அதிலுள்ள 'உண்ணும்போது' என்ற சொல் என் நெஞ்சை உறுத்திக் கொண்டே வந்தது. நான் உண்ட பிறகு, மிஞ்சியதையல்லவா என் வீட்டில் அளித்துக் கொண்டிருந்தேன்!

இனி, சோற்றுக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு என்பதைப் பார்ப்போம்.

அரிசியானாலும் கோதுமையானாலும் அதிலுள்ள மாவுச்சத்து குடலில் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேர்கிறது. சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. இன்சுலின் என்னும் சுரப்பு நீர் இந்தச் சர்க்கரையைத் தசைகளுக்கும் ஈரலுக்கும் கொண்டு சேர்க்கிறது. உழைப்புக்கு மிஞ்சிய பகுதி கொழுப்பாக மாறி, வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் படிகிறது. நம் நாட்டு மக்களுக்கு இடையளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே ஆபத்து என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். கை கால் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் பெருத்திருப்பதை நாம் 'பிள்ளை பெற்ற உடம்பு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்!

இதில் நம் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1948ஆம் ஆண்டில் டாக்டர் எம். விஸ்வநாதன் அவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய நகரம் இது. இந்நகரின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு இணைந்து நாடெங்கும் ஓர் ஆய்வை நடத்தியது. 2023இல் வெளியான அதன் முடிவின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு.

அதே ஆய்வுத் தொடரில் 2025இல் உணவைப் பற்றிய முடிவுகள் வெளியாயின. நம் மக்கள் உட்கொள்ளும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அதில் 5 விழுக்காட்டை மட்டும் பருப்பு, பால் பொருள்கள், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதமாக மாற்றினாலே நீரிழிவின் வாய்ப்பு குறைகிறது என்பது நல்ல செய்தி. மற்றொன்று பலருக்குக் கசக்கும். மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் பயன் விளைவதில்லை. "நான் சோற்றை விட்டுவிட்டேன், ஐந்து சப்பாத்திதான்" என்று பெருமை கொள்ளும் சகோதரர்கள் இதைக் கவனிப்பார்களாக!

ஆக, சோற்றை அறவே துறக்க வேண்டியதில்லை. அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்க எவருக்கும் உரிமையும் இல்லை. ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கைப் பாதியளவுக்குக் கொண்டுவருவதும், புரதத்தின் பங்கை ஐந்தில் ஒன்றாக உயர்த்துவதுமே 2022இல் அவ்வாய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்ன வழியாகும்.

எங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்தோம்? நோயாளிக்கென்று தனிச் சட்டி வைக்கலாகாது என்பதே முதல் முடிவு. தனிச் சட்டி வைத்தால் அதைச் சமைப்பவரும் அவரே. நான்காம் நாள் அலுத்துப்போய் அதைக் கைவிடுபவரும் அவரே. எனவே வீட்டுப் பானையே மாறியது. ஆறு பேருக்கு மதியம் முக்கால் கிலோ அரிசி வடித்த இடத்தில் அரைக் கிலோ. தட்டில் பாதி இடம் காயும் கீரையும். கால் பகுதி பருப்பு, முட்டை, மீன், கறி இவற்றுள் ஒன்று. மீதிக் காலில்தான் சோறு. பசியாற இட்லி நான்கு என்பது இரண்டாயிற்று. கூடவே ஓர் அவித்த முட்டை, கெட்டிச் சாம்பார். மாலையில் வர்க்கிக்குப் பதில் சுண்டல். தேநீரில் சீனி இரண்டு கரண்டி என்பது ஒன்றாகி, பின் அரையாகி, நின்றது. நாளொன்றுக்கு நான்கு தேநீர் அருந்துபவர் எட்டுக் கரண்டி, அதாவது 35 கிராமுக்கும் மேல் சீனி விழுங்குகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"முட்டைக்கும் மீனுக்கும் எங்கே போவது?" என்ற கேள்வி நியாயமானதே. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பதால், மலிவானதைக் கொண்டு வயிற்றை நிரப்புவது ஏழை வீட்டின் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே கடையில்தான் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் தருகிறார்கள். பாதாமும் பிஸ்தாவும் வேண்டாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு போதும். வஞ்சிரத்தை விட்டு நெத்திலியும் கவலையும் கானாங்கெளுத்தியும் வாங்கலாம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைச் சந்தையில் கீரைக் கட்டுக்குக் குறைவில்லை.

முதல் இரண்டு வாரம் எளிதாக இருக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. தலைவலி, சோர்வு, எரிச்சல், மலச்சிக்கல் ஆகியவை எட்டிப் பார்த்தன. உடலில் சேமிப்பிலிருக்கும் மாவுச்சத்து கரையும்போது, அதனோடு சேர்ந்திருந்த நீரும் உப்பும் வெளியேறுவதால் இவ்வாறு ஆகிறது. முதல் வாரத்தில் எடை விரைந்து குறைவதும் பெரும்பாலும் அந்த நீரே. அதைக் கண்டு மயங்கவும் வேண்டாம், பின்னர் மெல்லக் குறையும்போது மனம் தளரவும் வேண்டாம். போதிய தண்ணீரும் காய்கறியும் இதற்கு மருந்து. எங்கள் வீட்டு முதியவர், "சோறில்லாத வீடும் ஒரு வீடா?" என்று முகம் திருப்பினார். சோறு இருக்கிறது, மலைபோல் இல்லை என்பதை அவர் ஏற்க ஒரு மாதம் ஆயிற்று.

அதற்குள் ரமளான் வந்துவிட்டது. 2001 முதல் அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கிக் காய்ச்சச் செய்யும் நோன்புக் கஞ்சி நம் பண்பாட்டின் மணம். அதை ஏன் விட வேண்டும்? ஒரு கோப்பை அருந்தினோம். வீட்டில் காய்ச்சிய நாளில் அரிசியைக் குறைத்துப் பாசிப்பருப்பையும் வெந்தயத்தையும் கூட்டினோம். கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத் என்று அடுக்கியதைத்தான் நிறுத்தினோம்.

இவற்றைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. இப்போது என் துணைவியாரும் எங்களோடு அமர்ந்தே உண்கிறார். கறியும் மீனும் எண்ணிப் பங்கிடப்படுகின்றன. முதல் பங்கு அவருடையது. மிஞ்சிய சோறு பிறருக்கோ கோழிக்கோ போகிறது. பாத்திரம் கழுவுவது பிள்ளைகளின் முறை. எனக்கும் ஒரு நாள் உண்டு. அந்த நேரத்தில் அவர் தெருவில் அரைமணி நேரம் நடந்துவிட்டு வருகிறார். மூன்று மாதத்துக்குப் பின் எடுத்த பரிசோதனையில், மருத்துவர் தந்த மாத்திரையோடு, அவருடைய அளவு 6.4 ஆகக் குறைந்திருந்தது. என் எடையில் நான்கு கிலோ குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

சில எச்சரிக்கைகள் அவசியம். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைச் சட்டெனக் குறைத்தால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பிழை. சிறுநீரகக் கோளாறு உள்ளோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் தமக்குரிய அளவை மருத்துவரிடமே பெற வேண்டும். வளரும் பிள்ளைகளின் சோற்றை அளக்காதீர்கள். அவர்களுடைய சீனியை அளந்தால் போதும். நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவுக்காரர் ஓரிரு மாதம் முன்பே மருத்துவ ஆலோசனை பெறட்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்குச் சலுகை அளித்திருப்பவன் அல்லாஹ்வே.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வாற்கோதுமை மாவைச் சல்லடையிட்டுச் சலிப்பதில்லை. ஊதி, பறப்பது பறந்தபின் எஞ்சியதையே பிசைந்தார்கள் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் விடும் வழியைத் திர்மிதீயில் காண்கிறோம். இவற்றை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நோயுற்றிருந்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம், மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் இறைவனிடம் நற்கூலி உண்டு என்று பெருமானார் (ஸல்) சொன்னதையும் அவற்றோடு சேர்த்து நினைவுகூர்வோம்.

சகோதரர்களே, இன்று மதியம் சாப்பிட்டு எழுமுன் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது? சோறு மட்டும்தானா? அப்படியானால், உங்கள் தட்டிலிருக்கும் முட்டையில் பாதியை எடுத்து அங்கே வையுங்கள். உணவுச் சீர்திருத்தம் அங்கிருந்தே தொடங்கட்டும்.

நம் இல்லங்களுக்கு வல்ல அல்லாஹ் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.