ஓரமாக உட்கார வைக்காதீர்கள்!

ஒகேனக்கல் பரிசல் துறையில் ஒரு காட்சி. கால் ஊனமான சிறுவன், பரிசலில் ஏற வேண்டும் என்று அழுதான். "உனக்கு எதற்கடா? கரையிலே உட்கார்" என்றார் தகப்பனார்.

அவருக்கு மாரியப்பன் தங்கவேலு கதை தெரியாது போலும்! பக்கத்துச் சேலம் மாவட்டம், பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் பையனை ஒதுக்கவில்லை. உயரம் தாண்டச் சொன்னார்.

ஊனமுற்றோருக்கான உலகப் போட்டிதான் பாராலிம்பிக். 2016-ல் ரியோ நகரில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆறடி ஆளின் தலைக்கும் மேலே! 2021-ல் டோக்கியோவில் மழை, காலுறை நனைந்தது. அப்படியும் வெள்ளி. 2024-ல் பாரிஸில் வெண்கலம்.

வென்றவருக்கு மாலை போட எல்லோரும் வருவார்கள். வெல்லுமுன் இடம் கொடுத்தாரே, அந்த ஆசிரியரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பென்னாகரம் பக்கத்துப் பள்ளி விளையாட்டு விழாக்களில், கால் ஊனமான பிள்ளை எங்கே இருக்கிறது? பந்தலிலா, மைதானத்திலா? பெற்றோர்களே, போய்ப் பாருங்கள். ஆசிரியரிடம் கேளுங்கள்.

பரிசல்காரர் என்ன செய்தார் தெரியுமா? பையனுக்கு மிதவைச் சட்டை மாட்டினார். தூக்கி உள்ளே உட்கார வைத்தார். தகப்பனாரும் பேசாமல் ஏறிக்கொண்டார்.