வென்றவரைத் தேடி வரும் சோதனை

4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தின் கெல்லியாவில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், மனிதனை வீழ்த்தும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி முதலில், ஆணவம் கடைசியில். ஏட்டறிவை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியவர் அல்லர் அவர். கான்ஸ்டான்டினோபிளில் திருத்தொண்டராக இருந்தபோது, மணமான ஒரு பெண்மேல் கொண்ட மோகத்திலிருந்து தப்பவே ஊரைவிட்டு ஓடியவர். சோர்வு என்னும் சோதனையை அவர் விவரிப்பதைப் பார்த்தால் போதும்: நடுப்பகலில் துறவிக்குப் பொழுது நகராது, சன்னல் பக்கம் அடிக்கடி பார்வை போகும், வெளியே வந்து சூரியன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார், சகோதரர் யாராவது வரமாட்டாரா என்று ஏங்குவார். (அலுவலகம் போகிறவர்களுக்கும் இது புதிதல்ல.) இத்தனையையும் வென்றவரைத்தான் ஆணவம் குறிவைக்கிறது. கடவுளின் துணையை மறக்கடித்து, வெற்றியெல்லாம் தன் சாமர்த்தியம் என்று நம்பவைப்பதே அதன் வேலை. ஆகவே தாழ்மையைப் பத்தோடு பதினொன்றாக நற்குணப் பட்டியலில் சேர்ப்பது பிழை. மற்ற வெற்றிகள் கைநழுவாமல் காப்பது அதுதான். இயேசுவே இதற்கு முன்மாதிரி. வனாந்தரத்தில் பிசாசு மூன்று முறை சோதித்தும் அவர் தம் வல்லமையைக் காட்டவில்லை. மூன்று பதில்களையும் உபாகமத்திலிருந்தே எடுத்தார். அதே வழியில், தீய எண்ணங்களுக்கு மறுமொழியாகும் வேதவசனங்களைத் தொகுத்து எட்டுப் பகுதிகளில் ஒரு நூலே எழுதினார் எவாக்ரியஸ். 6ஆம் நூற்றாண்டில் அந்த எட்டு எண்ணங்களின் பட்டியலைத் திருத்தியமைத்த போப் முதலாம் கிரகோரி, ஆணவத்தை எல்லாப் பாவங்களுக்கும் வேர் என்று தனியே பிரித்துவைத்தார்.