ஆமைத் தொட்டி அழகாக இருக்காதா?

"ஆமை வளர்க்கணுமா? அழகான தொட்டிங்கிற ஆசையை விட்டுடுங்க. செடியைத் தின்னுடும், தண்ணியைக் கலக்கிடும், கல்லைப் புரட்டிடும். சின்னக் கண்ணாடித் தொட்டி, நாலு விரல் தண்ணி, ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம் போதும்." வண்ணமீன் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். வாங்கி வளர்ப்பவர்களும் அடுத்தவருக்கு இதையே சொல்கிறார்கள். ஆமை தின்னும், கலக்கும், புரட்டும் என்பதெல்லாம் உண்மை. அதை வைத்து எடுக்கும் முடிவுதான் தவறு. ஆமைக்கு வேண்டியதை ஒழுங்காகச் செய்து கொடுத்தாலே தொட்டி அழகாகிவிடும்.

நான் சொல்வது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் சிவப்புக்காது ஆமையைப் பற்றி. அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. நம் குளத்து ஆமைகளையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

"தொட்டி அளவுக்குத்தான் ஆமை வளரும்."

வளராமல் நின்றால் அது நோய். கடையில் உள்ளங்கையில் அடங்கும் குட்டி, சில ஆண்டுகளில் 20 செ.மீ. தாண்டும், பெண் ஆமை 30 செ.மீ. வரைகூட வளரும். நல்ல பராமரிப்பில் 30 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது. ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 38 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 8 அங்குல ஆமைக்கு 300 லிட்டர் வேண்டும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் முக்கால் பங்கு நிரப்பினால் 340 லிட்டர் கிடைக்கும். எடையைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் அவசியம். நாலு விரல் தண்ணீரில் ஆமை ஊரத்தான் முடியும். ஆழம் கிடைத்தால்தான் கால்களை வீசி நீந்தும். அந்த நீச்சலை விட அழகான அலங்காரம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

"தண்ணீர் எப்போதும் நாறும்."

மீனுக்கான சின்ன ஃபில்டரைப் போட்டால் நாறத்தான் செய்யும். ஆமையின் கழிவு மீனுடையதைவிடப் பல மடங்கு. தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு, மூன்று மடங்குக்கு உரிய கேனிஸ்டர் ஃபில்டர் வாங்க வேண்டும். தனி டப்பில் தீனி கொடுத்தால் பாதி அழுக்கு தொட்டிக்கு வராது. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

"செடி, கல் எதுவும் வைக்க முடியாது."

எதை வைப்பது என்று தெரிந்தால் வைக்கலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் தடித்த இலை. ஆமை பெரும்பாலும் சீண்டாது. மண்ணில் நடாமல் மரக்கட்டையில் நூலால் கட்டினால் பிடுங்கவும் வழியில்லை. நீரில் மிதக்கும் சிறு பாசிச்செடிகளைத் தின்றால் தின்னட்டும், அது நல்ல தீனிதான். வண்ணக் கூழாங்கல் மட்டும் கூடவே கூடாது. ஆமை அதை விழுங்கிக் குடல் அடைபடும். அதன் தலையைவிடப் பெரிய கற்களைப் போடுங்கள், அல்லது அடியை வெறுமையாக விடுங்கள். கல்லையும் கட்டையையும் அசையாமல் பொருத்துவது முக்கியம். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இடுக்கில் சிக்கினால் மூழ்கிச் சாகும்.

"லைட் அழகுக்குத்தான், ஜன்னல் வெயில் போதும்."

இதுதான் அதிக ஆமைகளைக் கொல்லும் பேச்சு. ஆமைக்குத் தேவையான புறஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். நீருக்கு மேலே, முழு உடலும் ஏறிக் காயும்படி ஒரு மேடை வேண்டும். அங்கே 32 முதல் 35 டிகிரி வெப்பம் தரும் விளக்கும், புறஊதா பி விளக்கும் இருக்க வேண்டும். புறஊதா விளக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் குறைந்துபோயிருக்கும். மேடை சரியாக அமைந்ததா என்பதை ஆமையே காட்டும். பின்னங்கால்களைப் பின்னால் நீட்டி, விரல்களுக்கிடையே உள்ள சவ்வை விரித்து, கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக் கிடக்கும். நன்றாகக் காய்ந்த ஓட்டிலிருந்து கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய செதில்கள் தாமாக உரியும். கீழே பச்சை நீர், மேலே வெயில் நிறத்தில் ஒரு கரை: தொட்டிக்கு ஆற்றோரத்தின் தோற்றத்தைத் தருவது இந்த விளக்குதான்.

"பெரிதானால் கோயில் குளத்தில் விட்டுவிடலாம்."

கூடவே கூடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் ஊர் ஆமைகளோடு போட்டியிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டது. ஆமையால் மனிதருக்கும் ஆபத்து உண்டு: அமெரிக்காவில், ஆமையிடமிருந்து பரவும் சால்மொனெல்லா கிருமித் தொற்றுக்கு அஞ்சி, 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனை 1975 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆமையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவக் குழந்தைகளைப் பழக்குங்கள்.

இத்தனைக்கும் செலவாகும் என்பது உண்மை. ஆமையின் விலை சில நூறு ரூபாய். தொட்டி, ஃபில்டர், விளக்குகளின் விலை அதைப்போலப் பல மடங்கு. கடைக்காரர் முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கைத்தான். அதைக் கேட்டு வேண்டாம் என்று திரும்புபவர் ஓர் உயிருக்கு நன்மையே செய்கிறார். வாங்குவது என்று முடிவெடுத்தவர் தொட்டியை முதலில் அமைக்கட்டும். ஆமை அதன் பிறகு வீட்டுக்கு வரட்டும்.