அந்த மூன்று மணி நேரத்தில் கை வைக்காதீர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் போக்குவரத்து, சுற்றுலாத் துறை ஆணையர் மாண்புமிகு அப்போஸ்தொலோஸ் ட்சிட்சிகோஸ்தாஸ் அவர்களுக்கு,



நான் தெற்கு ஜெர்மனியில் வசிக்கும் தமிழ்ப் பொறியாளர். உணவுப் பொருட்களைப் பாக்கெட்டில் அடைக்கும் இயந்திரங்களை வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் நிறுவுவதும், ஓட்டிக் காட்டுவதும், பழுது என்றால் ஓடிப்போய்ச் சரிசெய்வதும் என் வேலை. மிலான், பார்சிலோனா, புடாபெஸ்ட், கோதன்பர்க் என்று ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பறந்து சேரும் ஊர்களை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. எப்போதும் எகானமி வகுப்பு, பெரும்பாலும் பின்வரிசை. நிறுவனத்தின் பயண விதி அப்படி. அதில் எனக்கு மனக்குறை கிடையாது. ஒன்றரை மணி நேரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவுக்குள் பிசினஸ் வகுப்பு என்று விற்பதும் பெரும்பாலும் அதே இருக்கையைத்தான். பக்கத்து இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள், அவ்வளவே. நான் உங்களுக்கு எழுத வந்தது நேரத்தைப் பற்றி.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாரிஸ், சூரிச், ஓஸ்லோ, ஆம்ஸ்டர்டாம் என்று இந்தக் கண்டம் முழுக்கத் தமிழர்கள் வேலை பார்க்கிறோம், வேலைக்காகப் பறக்கிறோம். எங்களில் பலருக்குத் தங்களுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. உங்களுக்குப் போகும் கடிதத்தை அவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

261/2004 என்ற எண்ணால் அறியப்படும் ஒன்றியச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கடைசி நேரத்தில் விமானம் ரத்தானால், 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோவும், ஒன்றியத்துக்குள் அதைவிட நீண்ட பயணத்துக்கு 400 யூரோவும் இழப்பீடாகத் தர வேண்டும் என்று அது சொன்னது. தாமதத்துக்கு இழப்பீடு என்று அதன் வாசகத்தில் எங்கும் இல்லை. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்தான் 2009 நவம்பரில் அந்தக் குறையைத் தீர்த்தது. விமானம் ரத்தானவரும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தவரும் இழப்பது ஒன்றைத்தான், அது நேரம், எனவே இருவரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்றது. 2012இல் அதே நிலையை மீண்டும் உறுதிசெய்தது.

2013இல் உங்கள் ஆணையம் அந்த மூன்று மணியை ஐந்தாக்கச் சொன்னது. ஜிப்ரால்டர் விமான நிலையத்தைப் பற்றிய தகராறு உட்படப் பல காரணங்களால் அந்த முன்மொழிவு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்கள் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். 3,500 கிலோமீட்டர் வரையிலான பயணங்களுக்கு நான்கு மணி நேரம், அதற்கு மேல் ஆறு மணி நேரம். இழப்பீடு முறையே 300, 500 யூரோ. இதுதான் அவர்கள் எடுத்த நிலை. மூன்று மணி நேரம் தொடர வேண்டும் என்பது ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் நிலை.

250 யூரோ 300 ஆவதைக் காட்டி இது பயணிக்கு லாபம் என்கிறார்கள். உங்கள் சொந்த ஊரான தெசலோனிகியிலிருந்து பிரசெல்ஸுக்கு வேலையாக வரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் 1,500 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மூன்றரை மணி நேரம் தாமதமாக வந்தால் இன்று அவருக்கு 400 யூரோ உண்டு. அமைச்சர்களின் கணக்கு சட்டமானால் அதே தாமதத்துக்கு ஒன்றும் கிடையாது. நான்கு மணி நேரம் தாண்டினாலும் 300தான். கிரேக்கத்தின் மத்திய மாசிடோனிய வட்டாரத்தின் ஆளுநராகவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டாரங்களின் குழுவின் தலைவராகவும் இருந்தபோது நீங்கள் பிரசெல்ஸுக்கு வந்து போனவர். அந்தப் பாதையில் ஒரு மாலைப்பொழுது வீணானால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலைக்காகப் பறப்பவர் என்றதும் ஓய்வறையில் காப்பி குடித்தபடி பத்திரிகை புரட்டும் மேலாளர் ஒருவர் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். திங்கட்கிழமை காலை ஆறு மணி விமானத்தின் பின்வரிசைகளை ஒருநாள் வந்து பாருங்கள். லிஃப்ட் பழுது பார்ப்பவர், கணக்குத் தணிக்கை செய்யும் இளம்பெண், கட்டட வேலைக்குத் திரும்பும் ருமேனியக்காரர், காற்றாலைக் கோபுரத்தில் ஏறப்போகும் தொழில்நுட்பர், வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் போலந்துப் பெண்மணி. மூன்று மணிக்கு எழுந்து வந்ததால் விமானம் நகரும் முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இவர்களில் பலர் தினக்கூலிக்காரர்கள், அல்லது ஒப்பந்தத்தில் வேலை எடுத்தவர்கள். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய சம்பளம் போயிற்று.

காலை விமானம் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். இரவெல்லாம் அங்கேயே நின்ற விமானம் அது. அதன் பிறகு அது நாள் முழுக்க டவுன் பஸ் மாதிரி போய்வந்துகொண்டே இருக்கிறது. ஒரே விமானம் ஒரு நாளில் நான்கு, ஆறு தடவை பறக்கிறது. தரையில் நிற்கும் நேரத்தைச் சில நிறுவனங்கள் 25 நிமிடமாகச் சுருக்கி வைத்திருக்கின்றன. காலையில் எங்கோ விட்ட இருபது நிமிடம் மதியம் நாற்பதாகி, மாலையில் ஒன்றரை மணி நேரமாக வந்து நிற்கும். யூரோகன்ட்ரோல் வெளியிடும் தாமதக் கணக்குகளில் மிகப் பெரிய பங்கு இப்படி முந்தைய பயணத்திலிருந்து தொற்றும் தாமதத்துக்குத்தான். இதன் பொருள், வேலை முடித்து வீடு திரும்பும் பயணம்தான் அதிகம் அடிவாங்குகிறது.

மாலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டிய விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத் தாமதத்தில் இரவுச் சாப்பாடு தவறும். இரண்டு மணி நேரத்தில், சட்டப்படி, உணவும் பானமும் தர வேண்டும். அதற்கான சீட்டு கைக்கு வரும்போது காப்பிக் கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மேல் வைத்துக்கொண்டிருப்பார். மூன்று மணி நேரம் என்றால் கிளம்பும்போதே பத்தரை, இறங்கும்போது நள்ளிரவு. நான்காவது மணி நேரத்தில்தான் ஊருக்குப் போகும் கடைசி ரயில் போகிறது. அந்த நேரத்தில்தான் பல விமான நிலையங்களின் இரவுக் கட்டுப்பாடும் குறுக்கே வருகிறது. பிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை விமானங்களுக்கு நேரம் ஒதுக்கக் கூடாது என்பது விதி. அங்கே சுற்றி வாழும் மக்களின் தூக்கத்துக்காக வந்த விதி அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வேளையை ஒட்டித் தாமதமாகும் விமானம் வேறு ஊரில் இறங்க நேரலாம், அல்லது கிளம்பாமலே போகலாம். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே ஆள் வேலையில் நிற்க வேண்டும். மூன்றாவது மணிக்கும் நான்காவது மணிக்கும் நடுவே இருப்பது வெறும் அறுபது நிமிடம் என்று அமைச்சர்கள் நினைத்திருக்கலாம். குறுந்தூரப் பயணியின் இரவு முழுவதும் அந்த இடைவெளியில்தான் பறிபோகிறது.

நிமிடம்கூடப் பொருட்டாகும் என்பதை நீதிமன்றம் பார்த்திருக்கிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்-பானுக்கு வந்த ஒரு ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் வழக்கு அது. சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். அதன் பிறகே கதவு திறந்தது. எந்த நேரம் கணக்கு? 2014 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: ஒரு கதவாவது திறந்து, பயணிகள் வெளியேற அனுமதிக்கப்படும் நேரமே வந்துசேர்ந்த நேரம். அதற்கு நீதிபதிகள் சொன்ன காரணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விமானத்துக்குள் பயணி மூடிய இடத்தில், நிறுவனத்தின் கட்டளைக்குள் இருக்கிறார். வெளியுலகத் தொடர்பு குறைவு. தன் சொந்த வேலையையோ குடும்ப வேலையையோ தொழிலையோ தடையின்றிப் பார்க்க அவரால் முடியாது என்றார்கள். எகானமி இருக்கையில் லேப்டாப்பை விரிக்க முயன்ற எவருக்கும் இது புரியும். திரை முன் இருக்கையின் முதுகில் முட்டும், இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு தட்ட வேண்டும். தாமத நேரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கட்டும்.

விமான நிறுவனங்களின் வாதத்தையும் கேட்டிருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்குள் மாற்று விமானமோ உதிரிப் பாகமோ கொண்டுவர முடிவதில்லை; அதனால் ரத்துசெய்துவிடுகிறோம்; இன்னும் அவகாசம் தந்தால் அந்தப் பயணத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் புயல், பனிமூட்டம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்ற அசாதாரணச் சூழலுக்கு இன்றைய சட்டமே விலக்கு தருகிறது. மிச்சம் இருப்பவை பழுதான இயந்திரம், வராத ஊழியர், நெருக்கிப் போட்ட கால அட்டவணை ஆகியவை. வழக்கமான தொழில்நுட்பப் பழுது அசாதாரணச் சூழல் ஆகாது என்று 2008லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சொந்த ஊழியரின் சட்டப்படியான வேலைநிறுத்தமும் ஆகாது என்று 2021இல் வந்தது. 25 நிமிடத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்புவது நிறுவனத்தின் முடிவு, அதன் லாபமும் நிறுவனத்துக்கே. அந்தக் கணக்கு பிசகும்போது இழப்பை மட்டும் பயணியின் தலையில் கட்டக் கூடாது. மூன்று மணி நேரம் என்ற எல்லைதான் மாற்று விமானம் ஒன்றைத் தயாராக வைக்கச் சொல்லி அவர்களை நெருக்குகிறது. எல்லை நான்கானால் அட்டவணையும் நான்குக்குத் தக்கபடி தளரும்.

வேலைக்கான பயணத்தில் போகும் நேரம் வேலை நேரமே என்ற எண்ணம் ஐரோப்பியச் சட்டத்தில் வேரூன்றி வருகிறது. ஐஸ்லாந்தின் போக்குவரத்து ஆணையத்தில் வேலை பார்த்த விமானப் பராமரிப்பு ஆய்வாளர் ஒருவர் வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும் பயண நேரம் பற்றி வழக்காடினார். வழக்கமான பணிநேரத்துக்கு வெளியே அப்படிப் பயணத்தில் செலவான நேரமும் வேலை நேரம்தான் என்று 2021இல் எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) நீதிமன்றம் கருத்துத் தந்தது. ஒரு பக்கம் தொழிலாளியின் பயண நேரத்துக்கு மதிப்பு கூடுகிறது. அதே ஆண்டுகளில் பயணியாக அவர் இழக்கும் நேரத்தின் மதிப்பைக் குறைப்பது எப்படிப் பொருந்தும்?

கைப்பையைப் பற்றி இன்னொன்றும் கேட்க வேண்டும், சுருக்கமாக. சென்ற குளிர்காலத்தில் கேட் முன்னால் வரிசையில் எனக்கு முந்தி நின்றவரின் பை, அளவுப் பெட்டிக்குள் இறங்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணிகளை எடுத்து மாட்டிக்கொண்டார். கழற்றிய துணிச்செருப்பை ஜாக்கெட் பாக்கெட்டில் திணித்தார். பை உள்ளே போயிற்று. கட்டணம் இல்லாமல் கொண்டுபோகும் பைக்கு 40, 30, 15 சென்டிமீட்டர் என்ற அளவு பேசப்படுகிறது. ஒரு லேப்டாப்பும் ஒரு மாற்றுச் சட்டையும் அதில் அடங்கும், வேலைக் காலணி அடங்காது. தண்டு 6 சென்டிமீட்டரைவிட நீண்ட ஸ்க்ரூடிரைவரைப் பாதுகாப்பு விதி கேபினுக்குள் விடாது, அதனால் கருவிப் பெட்டி எப்படியும் காசு கட்டித்தான் போகிறது. நியாயமான அளவும் எடையும் உள்ள கைப்பைக்குத் தனிக் கட்டணம் கூடாது என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. எது நியாயமான அளவு என்று யாரும் எழுதிவைக்காததால் அந்தத் தீர்ப்பு ஏட்டிலேயே நிற்கிறது. 2025 ஜூனில் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு ஓர் அளவு சொன்னது: அந்தச் சிறு பையோடு, மூன்று பக்கமும் கூட்டினால் 100 சென்டிமீட்டருக்குள் அடங்கும் 7 கிலோ பை ஒன்றும் கட்டணமின்றி. அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆணையர் அவர்களே, 2013ஆம் ஆண்டின் முன்மொழிவு உங்கள் ஆணையம் பெற்ற பிள்ளை. அமைச்சர்களும் நாடாளுமன்றமும் பேசும் மேசையில் உங்களுக்கும் நாற்காலி உண்டு. மூன்று மணி நேரத்தை அப்படியே விடுங்கள். 2004இல் வைத்த 250 யூரோவை, ஏறிய விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்துங்கள். 400 யூரோவைக் குறைக்காதீர்கள். தாமதம் எவ்வளவு என்பது நிறுவனத்தின் கணினிக்கே தெரியும். பயணி விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் அலையாமல் பணம் தானாக வந்துசேர வழிசெய்யுங்கள்.

இதைப் படிக்கும் தமிழ் உறவுகளுக்கு: டிக்கெட் எடுத்தது உங்கள் நிறுவனமாக இருந்தாலும் இழப்பீடு பயணித்த உங்களுக்கே உரியது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். கதவு திறந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். பணத்துக்குப் பதில் பயணக் கூப்பன் நீட்டினால், நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே அது செல்லும். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஊர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வேலைக்காகப் பறக்கும் பொறியாளர்,
தெற்கு ஜெர்மனி